அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பதிவேடு: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., தான் நடத்திவரும் ஆண்கள் கால்பந்து (அமெரிக்க வழக்கில் ‘சாக்கர்’) சாம்பியன்ஷிப்பின் வரலாற்றை எண்களாகத் தொகுத்து, ஒவ்வொரு பருவமும் முடிந்த பிறகு புதுப்பித்து, தன் இணையதளத்தில் பி.டி.எஃப். கோப்பாக இலவசமாக வழங்குகிறது. 1959-இல் நடந்த முதல் போட்டியிலிருந்து இன்றுவரை யார் வென்றார், யாரிடம் வென்றார், எத்தனை கோல், எந்த ஊர் மைதானம், பயிற்சியாளர் யார் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. நெல்லைச் சீமையில் கல்லூரி அணிகளைப் பயிற்றுவிப்பவர்களும், உடற்கல்வி படிக்கும் மாணவர்களும், வ.உ.சி. மைதானத்தில் மாலைதோறும் ஆட்டம் பார்க்கும் பெரியவர்களும் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், இந்தப் பதிவேடு எங்கெங்கே வாசகரைக் கைவிடுகிறது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பயன்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம். கைப்பேசித் திரையில் இதைப் படிப்பது சிரமம். அட்டவணைகள் அகலமானவை, எழுத்து பொடியாக இருக்கிறது, ஓர் ஆண்டின் வரியை இடமிருந்து வலமாக விரலால் நகர்த்திக்கொண்டே போனால், மைதானத்தின் பெயருக்கு வரும்போது ஆண்டு எது என்பது மறந்துவிடும். பாளையங்கோட்டையில் கல்லூரிகளை ஒட்டி ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே கோப்பைக் கொடுத்து, சாம்பியன் பட்டியலையும் ஆண்டுவாரியான ஆட்ட முடிவுகளையும் மட்டும் ஏ4 தாளில் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்துக்கொள்வதுதான் நல்ல வழி. தனிநபர் சாதனைகள், பார்வையாளர் எண்ணிக்கை ஆகிய பகுதிகள் ஆராய்ச்சி செய்பவர்களுக்கே தேவைப்படும். மற்றவர்கள் அவற்றைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் இதற்கு ஒரு தடையே இல்லை. கல்லூரிப் பெயர்களையும் எண்களையும் வாசிக்கத் தெரிந்த எந்த மாணவனும் இதைத் தானாகவே படித்துவிடுவான்.

பட்டியலின் முதல் வரி இப்படி இருக்கிறது: 1959, செயின்ட் லூயிஸ், 5–2, பிரிட்ஜ்போர்ட், இடம் கனெக்டிகட் பல்கலைக்கழகம். அந்த முதல் போட்டியில் கலந்துகொண்டவை எட்டு அணிகள் மட்டுமே. இப்போது 48 அணிகள் ஆடுகின்றன. அதற்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து இல்லாமல் இல்லை. 1926 முதல் 1958 வரை, கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துச் சங்கம் ஒன்று, பெரும்பாலும் பருவத்தின் முடிவில் வெற்றி தோல்விகளைப் பார்த்துச் சாம்பியனை அறிவித்துவந்தது. களத்தில் நேருக்கு நேர் மோதி, தோற்றவர் வெளியேறி, கடைசியில் நிற்பவரே சாம்பியன் என்னும் நாக் அவுட் முறை 1959-இல்தான் உறுதியாக நிலைபெற்றது. ஆகவே சாம்பியன் பட்டியலின் முதல் வரியைக் கல்லூரிக் கால்பந்தின் தொடக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்து வரும் 15 ஆண்டுகளின் வரிகளைக் கீழ்நோக்கிப் பார்த்தால், ஒரே பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 1959, 1960, 1962, 1963, 1965, 1967, 1969, 1970, 1972, 1973 என்று பத்து முறை செயின்ட் லூயிஸ் பட்டம் பெற்றிருக்கிறது. இவற்றில் 1967-ஆம் ஆண்டுப் பட்டம் மட்டும் மிச்சிகன் ஸ்டேட்டுடன் பகிர்ந்துகொள்ளப்பட்டது. பயிற்சியாளர் பத்தியைப் பார்த்தால் முதல் ஐந்துக்கு பாப் கெல்கர், அடுத்த ஐந்துக்கு ஹாரி கியோ என்று பெயர் மாறுகிறது. பதிவேடு இதோடு நின்றுவிடுகிறது. இந்த ஒரு நகரத்து அணி ஏன் இப்படி ஆண்டது என்பதை நாம்தான் வேறிடத்தில் தேடிப் படிக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரில் கத்தோலிக்கப் பங்குகள் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரங்கள்) ஒவ்வொன்றும் சிறுவர் அணிகளை வைத்திருந்தன. பங்குகளுக்கு இடையே லீக் ஆட்டங்கள் நடந்தன. அந்தச் சிறுவர்களே வளர்ந்து உள்ளூர்க் கல்லூரிக்கு வந்தார்கள். வெளியூரிலிருந்து ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய தேவையே அந்தக் கல்லூரிக்கு அதிகம் இருக்கவில்லை.

ஹாரி கியோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950 உலகக் கோப்பையில், பிரேசிலின் பெலோ ஒரிசாண்டே நகரில், இங்கிலாந்தை 1–0 என்று அமெரிக்கா தோற்கடித்த ஆட்டத்தில் தற்காப்பு வரிசையில் நின்றவர் அவர். அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். அந்த அணியில் செயின்ட் லூயிஸ் நகரத்தார் ஐந்து பேர் இருந்தார்கள். உலகக் கோப்பையில் அத்தனை பெரிய வெற்றியைக் கண்ட ஒருவர், பிறகு தன் சொந்த ஊர்க் கல்லூரியில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஐந்து பட்டங்கள் வென்றார் என்பதைப் பதிவேட்டின் பயிற்சியாளர் பத்தி ஒற்றைப் பெயராகச் சுருக்கிவிடுகிறது.

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இந்தப் பட்டியலில் இன்னொரு நெருக்கமும் உண்டு. 1923-இல் இங்கே தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கிய சேசு சபையார்தான் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தையும் நடத்துகிறவர்கள். சாம்பியன் பட்டியலில் பின்னால் வரும் சான் பிரான்சிஸ்கோ, சாண்டா கிளாரா, ஜார்ஜ்டவுன் ஆகியவையும் சேசு சபைக் கல்லூரிகளே. பள்ளிக்கும் கல்லூரிக்கும் பக்கத்திலேயே மைதானம், மாலை மணி அடித்ததும் பந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்டம் என்னும் பழக்கத்தை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு, செயின்ட் லூயிஸ் அணி எந்த மண்ணில் முளைத்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பங்குச் சிறுவர் அணிகளை நடத்துபவர்களுக்கு இந்தப் பத்துப் பட்டங்கள் உற்சாகம் அளிக்கும் என்று நம்புகிறேன்.

பதிவேட்டின் மிக முக்கியமான இடம் 1971-ஆம் ஆண்டின் வரி. மயாமி நகரின் ஆரஞ்சு பௌல் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் செயின்ட் லூயிஸை 3–2 என்று வென்றது. ஹோவர்டு, கறுப்பின மாணவர்களுக்காக 1867-இல் தோன்றிய கல்வி நிலையம். அத்தகைய கல்லூரி ஒன்று என்.சி.ஏ.ஏ.வின் உயர்மட்டமான முதல் பிரிவில் பட்டம் ஒன்றை வென்றது அதுவே முதல் முறை. பயிற்சியாளர் லிங்கன் பிலிப்ஸ், டிரினிடாடைச் சேர்ந்த கோல் கீப்பர். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் படிக்க வந்தவர்கள். ஆனால் இன்று அந்த ஆண்டுக்கு நேரே சாம்பியன் இல்லை. பட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது.

காரணம் என்ன என்பதைப் பதிவேடு சொல்லாது. ஹோவர்டின் சில ஆட்டக்காரர்கள் தகுதி விதிகளை நிறைவு செய்யவில்லை என்று சங்கம் முடிவெடுத்தது. அந்த விதிகளில் மூன்று இங்கே முக்கியமானவை. கல்லூரியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஆடி முடிக்க வேண்டும் என்பது ஒன்று. சேரும்போதே மாணவன் குறிப்பிட்ட சராசரி மதிப்பெண் எடுப்பான் என்று கணித்துக் காட்ட வேண்டும் என்பது இரண்டாவது. வெளிநாட்டு மாணவன் 19 வயதுக்குப் பிறகு தன் நாட்டில் முறையான போட்டிகளில் ஆடியிருந்தால், அந்தக் காலம் அவன் அமெரிக்கக் கல்லூரியில் ஆடத்தக்க காலத்திலிருந்து கழிக்கப்படும் என்பது மூன்றாவது. ஹோவர்டு நீதிமன்றத்துக்குப் போனது. முதல் இரண்டு விதிகளும் செல்லும் என்றும், வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் வைக்கப்பட்ட மூன்றாவது விதி சமத்துவத்துக்கு முரணானது என்றும் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1975-இல் இதையே உறுதி செய்தது. எனினும் தண்டனை நீங்கவில்லை. பட்டம் திரும்பி வரவில்லை.

நம் பக்கத்தில் கல்லூரி அணிகளோடு போட்டிகளுக்குப் போனவர்களுக்குத் தகுதிப் படிவத்தின் கனம் நன்றாகத் தெரியும். பிறந்த தேதி, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, முதல்வரின் கையொப்பம் என்று ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு தாள் போகும். ஒரு தாளில் பிழை இருந்தால் முழு அணியும் வெளியேற நேரிடலாம் என்ற கவலையோடுதான் அணி மேலாளர் பேருந்தில் ஏறுவார். விதி வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆள்மாறாட்டத்தையும் வயது மோசடியையும் தடுக்க விதி வேண்டும். ஆனால் ஒரு விதி எல்லா மாணவரையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். ஹோவர்டு வழக்கு எழுப்பிய கேள்வி அதுதான். அரை நூற்றாண்டு கடந்த பின்பும், ஒரு பட்டியலின் வெற்று வரியை வைத்து அந்தக் கேள்வியை மாணவர்களிடம் எழுப்ப முடிகிறது. நான் உடற்கல்வி மாணவர்களுக்கு முதலில் காட்டுவதும் இந்தப் பக்கத்தைத்தான்.

அந்த வரியோடு நிறுத்திவிடாமல் மூன்று வரி கீழே இறங்க வேண்டும். 1974, ஹோவர்டு, 2–1, செயின்ட் லூயிஸ். பக்கத்தில் நான்கு கூடுதல் நேரப் பகுதிகள் ஆடப்பட்டதைக் குறிக்கும் ஓர் எண். இடத்தின் பெயரைக் கவனியுங்கள்: செயின்ட் லூயிஸ் நகரின் புஷ் மைதானம். பட்டத்தை இழந்த அணி, தன்னிடம் இறுதியில் தோற்ற அணியை, அதன் சொந்த ஊரில், அதன் ரசிகர்கள் நடுவே, நான்கு கூடுதல் நேரப் பகுதிகள் ஆடி வென்றிருக்கிறது. அந்தப் பருவத்தில் ஹோவர்டு ஆடிய 19 ஆட்டங்களிலும் வெற்றி. பயிற்சியாளர் பத்தியில் அதே லிங்கன் பிலிப்ஸ். இந்தப் பட்டத்தை யாராலும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இன்றும் அந்த வரி முழுமையாக இருக்கிறது. ஒரு சொல் வருணனையும் இல்லாமல், நான்கைந்து சொற்களும் இரண்டு மூன்று எண்களும் இவ்வளவு பெரிய செய்தியைத் தாங்கி நிற்பதுதான் பதிவேடு என்னும் வடிவத்தின் பலம். செயின்ட் லூயிஸ் அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு பட்டமும் வெல்லவில்லை என்பதையும் அதே பக்கம் காட்டிவிடுகிறது.

விலக்கப்பட்ட பட்டம் இன்னொன்றும் உண்டு. 1978-இல் சான் பிரான்சிஸ்கோ 2–0 என்று இந்தியானாவை வென்றது. பின்னர் அந்த வெற்றி நீக்கப்பட்டது. இங்கே நிதானமாகப் படிப்பவருக்கு ஒரு சுவாரசியமான தொடர் கிடைக்கும். இந்தியானா 1976, 1978, 1980 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோற்றது சான் பிரான்சிஸ்கோ என்ற ஒரே அணியிடம்தான். 1978-ஆம் ஆண்டுப் பட்டம் நீக்கப்பட்டபோதும் அது இந்தியானாவுக்குப் போகவில்லை. தகுதியிழப்பு வேறு, களத்தில் வெல்வது வேறு என்ற கொள்கையை இந்தச் சங்கம் இரண்டு முறையும் ஒரே மாதிரி கடைப்பிடித்திருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

இந்தியானாவின் பயிற்சியாளர் ஜெர்ரி யாக்லி அந்தத் தோல்விகளால் சோர்ந்துவிடவில்லை. 1982-இல் டியூக் அணியை 2–1 என்று வென்று முதல் பட்டம் பெற்றார். அந்த ஆட்டம் எட்டாவது கூடுதல் நேரப் பகுதி வரை நீண்டது. பிறகு 1983, 1988, 1998, 1999, 2003 என்று மேலும் ஐந்து பட்டங்கள்; கடைசிப் பட்டத்தோடு அவர் ஓய்வு பெற்றார். பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டுபவர்கள் 1961-ஆம் ஆண்டுக்கும் போக வேண்டும். செயின்ட் லூயிஸை 2–0 என்று வென்று வெஸ்ட் செஸ்டர் பட்டம் பெற்ற ஆண்டு அது; அந்த அணியில் ஆடிய மாணவர்களில் யாக்லியும் ஒருவர். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அவர் இதே கோப்பையைத் தொட்டவர் என்பது பட்டியலில் எழுதப்படவில்லை. இந்தியானா மொத்தம் எட்டு முறை வென்றிருக்கிறது, ஒன்பது முறை இறுதியில் தோற்றிருக்கிறது. இரண்டாம் இடம் பெற்றவர்களின் பத்தியைப் பலரும் படிப்பதில்லை. ஒரு கல்லூரியின் உழைப்பை அளக்க எனக்கு அந்தப் பத்திதான் அதிகம் உதவியது.

ஆட்ட விதிகள் மாறிய வரலாற்றையும் கோல் எண்ணிக்கைப் பத்தியிலிருந்தே படித்துவிடலாம். 1967-இல் 0–0, மோசமான வானிலையால் ஆட்டம் நிறுத்தப்பட்டு இரு அணிகளும் சாம்பியன்களாக அறிவிக்கப்பட்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதியில் நின்றுபோன ஆட்டங்களைப் பார்த்த நமக்கு அது புதிதல்ல. மறு ஆண்டு மேரிலாந்தும் மிச்சிகன் ஸ்டேட்டும் 2–2 என்று சமனில் முடித்துப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. மிச்சிகன் ஸ்டேட்டின் இரண்டு பட்டங்களுமே பகிரப்பட்டவை. அதற்கு முன் 1964-இலும் 1965-இலும் அந்த அணி இறுதியில் 0–1 என்றே தோற்றிருக்கிறது. பிறகு, யாராவது வெல்லும்வரை ஆடு என்ற காலம் வருகிறது: 1974-இல் நான்கு கூடுதல் நேரப் பகுதிகள், 1982-இல் எட்டு, 1985-இல் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தை யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்) 1–0 என்று வென்றபோதும் எட்டு. மாணவர்களின் உடலை இத்தனை நேரம் வருத்துவது சரியல்ல என்றே எந்தப் பயிற்சியாளரும் நினைப்பார். 1989-இல் வர்ஜீனியாவும் சாண்டா கிளாராவும் 1–1 என்று சமனில் முடித்துப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டதே கடைசிப் பகிர்வு. அடுத்த ஆண்டே யு.சி.எல்.ஏ.வும் ரட்கர்ஸும் 0–0 என்று நிற்க, முடிவு பெனால்டி ஷூட் அவுட்டில் வந்தது. அதிலிருந்து எந்த இறுதி ஆட்டமும் இரண்டு சாம்பியன்களோடு முடியவில்லை. நம் உள்ளூர் டோர்னமென்ட்களில் வெளிச்சம் மங்கியதும் நேராகப் பெனால்டிக்குப் போய்விடுவது வழக்கம். அதற்கு முன் கூடுதல் நேரம் எப்படிப் படிப்படியாகச் சுருங்கியது என்பதை ஒழுங்குக் குழுவினர் இங்கே பார்க்கலாம்.

1991 முதல் 1994 வரை வர்ஜீனியா தொடர்ந்து நான்கு பட்டங்கள் பெற்றது. இந்தச் சாம்பியன்ஷிப்பில் வேறு எந்த அணியும் தொடர்ந்து நான்கு வென்றதில்லை. பயிற்சியாளர் புரூஸ் அரீனா, பின்னர் அமெரிக்கத் தேசிய அணியை 2002 உலகக் கோப்பையின் காலிறுதி வரை கொண்டுசென்றவர். அதற்கு அடுத்த நீண்ட தொடர் ஸ்டான்ஃபோர்டுடையது: 2015, 2016, 2017. இவற்றுக்கு நடுவில் வரும் ஆண்டுகளில் வட கரோலினா, மேரிலாந்து, ஆக்ரன், நோட்டர் டேம் என்று பெயர்கள் பரவலாக மாறுகின்றன. ஒரு நகரமோ ஒரு பயிற்சியாளரோ காலம் முழுவதும் ஆள முடியாத அளவுக்கு ஆட்டம் நாடெங்கும் பரவிவிட்டது என்பதைத் தவிர இங்கே அதிகம் சொல்ல இல்லை.

ஆனால் 2020-ஆம் ஆண்டின் வரியில் ஓர் எச்சரிக்கை தேவை. கொரோனாவால் அந்தப் பருவத்தின் போட்டி தள்ளிப்போய், இறுதி ஆட்டம் 2021 மே மாதத்தில்தான் வட கரோலினாவின் கேரி நகரில் நடந்தது. வழக்கமான 48 அணிகளுக்குப் பதில் 36 அணிகளே ஆடின. போட்டிக்கு முன் வலுவான அணிகளுக்குத் தரப்படும் முன்னுரிமை வரிசையில் (சீடிங்) இடம் பெறாத மார்ஷல், கூடுதல் நேரத்தில் அடித்த ஒரே கோலால் இந்தியானாவை வென்றது. அதே 2021-இன் டிசம்பரில் கிளெம்சன் அடுத்த பட்டத்தை வென்றது. ஆண்டை மட்டும் பார்த்துப் படிப்பவர்கள் இரண்டுக்கும் இடையே ஓராண்டு இருந்ததாக நினைத்துவிடுவார்கள். 2024-இல் அதே மார்ஷல் இறுதிக்கு வந்து, சீடிங் பெறாத வெர்மான்ட் அணியிடம் கூடுதல் நேரத்தில் 1–2 என்று தோற்றது. வெர்மான்ட்டுக்கு அது முதல் பட்டம். சிறிய கல்லூரியின் அணியைக் கூட்டிக்கொண்டு பெரிய கல்லூரியின் மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டு வரிகளையும் அடிக்கோடிட்டுத் தரலாம்.

குறைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. முதல் குறை, காரணங்கள் இல்லாமை. பட்டம் நீக்கப்பட்டது என்று குறிப்பிடும் ஆவணம், ஏன் நீக்கப்பட்டது என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதியிருந்தால் எந்தப் பக்கமும் நிரம்பி வழிந்திருக்காது. ஹோவர்டு போன்ற ஓர் அணியின் பெயருக்கு அருகில் குறிப்பை மட்டும் விட்டுவைத்தால், விவரம் தெரியாத இளைஞன் அவர்கள் மோசடி செய்தார்கள் என்றே முடிவு கட்டுவான். வெளிநாட்டு மாணவர் விதியை நீதிமன்றம் தள்ளியது என்ற செய்தியும் அவன் கண்ணில் பட வேண்டும். சங்கம் ஆண்டுதோறும் திருத்தும் கோப்பு இது. அந்த இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க இன்றும் தடையில்லை.

இரண்டாவது, சாம்பியன் பட்டியலில் மனிதர்கள் குறைவு. பயிற்சியாளரின் பெயரும், சிறந்த முன்கள ஆட்டக்காரர், சிறந்த தற்காப்பாளர் ஆகியோரின் பெயர்களும் கிடைக்கின்றன. மற்ற மாணவர்கள் தங்கள் கல்லூரியின் பெயருக்குள் மறைந்துவிடுகிறார்கள். மூன்றாவது, நிலவியல். ஸ்டோர்ஸ், ஒன்யாண்டா, புளூமிங்டன் என்று ஊர்ப் பெயர்கள் வரும்போது எது எங்கே இருக்கிறது, எந்த அணி எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்று அறிய ஒரு சிறு வரைபடம்கூட இல்லை. சொந்த மைதானத்தில் ஆடுவது இந்தப் போட்டியில் முக்கியமான சலுகை. அரையிறுதிக்கு முந்தைய சுற்றுகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கல்லூரியின் மைதானத்திலேயே நடக்கின்றன. 1987-இல் கிளெம்சனும் 1988-இல் இந்தியானாவும் இறுதி ஆட்டத்தையே தத்தம் வளாகத்தில் ஆடி வென்றன. 1988-இல் அப்படித் தோற்ற அணி ஹோவர்டு. இவற்றையெல்லாம் வாசகர் தானே இணைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் குறைகளுக்குப் பிறகும் நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், இப்படி ஒன்று நம்மிடம் இல்லை என்பதே. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் தொடங்கியது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதும் கால்பந்துப் போட்டிகள் எவ்வளவு விறுவிறுப்பானவை என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். குமரிக் கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் வரும் அணிகளோடு மோதுவதற்கென்றே பாளை அணிகள் மாதக்கணக்கில் தயாராகும். அந்த ஆட்டங்களிலிருந்துதான் பல்கலைக்கழக அணி தேர்வாகி, தென் மண்டலப் போட்டிக்குப் போகிறது. ஆனால் எந்த ஆண்டு யார் வென்றார், இறுதியில் எத்தனை கோல், யார் பயிற்சியாளர் என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது? கல்லூரி ஆண்டு மலர்களிலும், உடற்கல்வித் துறை அலமாரியில் இருக்கும் நோட்டுகளிலும், கோப்பைகளின் அடிப்பகுதியில் பொறித்த எழுத்துகளிலும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் நினைவிலும் அது சிதறிக் கிடக்கிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், காகிதத்தில் மட்டுமே இருக்கும் எந்தப் பதிவையும் பத்திரம் என்று நம்ப மாட்டார்கள்.

அமெரிக்கப் பதிவேட்டின் பத்திகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஆண்டு, வென்ற அணி, பயிற்சியாளர், கோல்கள், தோற்ற அணி, இடம். கூடுதல் நேரமா, பெனால்டியா என்பதற்கு ஒரு குறி. தகுதியிழப்பு ஏற்பட்டிருந்தால் அதற்கும் ஒரு குறி. அவர்கள் விட்டுவிட்ட காரணத்தையும் நாம் சேர்த்து எழுதலாம். இறுதி ஆட்டத்தில் இறங்கிய 11 பேரின் பெயர்களுக்கும் மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களுக்கும் இடம் விடலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கணினியும், பழைய ஆண்டு மலர்களைப் பொறுமையாகப் புரட்டும் இரண்டு மாணவர்களும், அவர்கள் எழுதியதைச் சரிபார்க்க ஒரு மூத்த உடற்கல்வி இயக்குநரும் போதும். முதுகலை உடற்கல்வி மாணவர் ஒருவர் இதைத் தன் ஆய்வுப் பணியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். டிசம்பர் இறுதி ஆட்டம் முடிந்து புதிய பதிப்பு வரும்வரை பொறுத்திருந்து, அதை இறக்கிக்கொள்ளுங்கள். பழைய பதிப்புகள் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால், முதல் பக்கத்திலுள்ள ஆண்டைப் பார்த்துவிட்டு அச்செடுங்கள். சாம்பியன் பட்டியலை 1959-இலிருந்து தொடங்காமல் 1971-இலிருந்து 1974 வரை முதலில் படியுங்கள், பிறகு மேலே போங்கள். பக்கத்தில் பென்சில் வைத்துக்கொண்டு, இரண்டாம் இடம் பெற்றவர்களின் பத்தியில் திரும்ப வரும் பெயர்களை வட்டமிட்டு வாருங்கள். அணி வைத்திருக்கும் கல்லூரிகள் ஒரு பிரதியைத் துறை நூலகத்தில் போட்டு வைத்தால், போட்டிக்கு முந்தைய வாரங்களில் மாணவர்கள் தாங்களாகவே எடுத்துப் புரட்டுவார்கள்.